மழைக்கு மறுநாள் சிவப்புப் புள்ளி

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு மழை பிடிக்காது. ஊர் உலகமெல்லாம் மழைக்குக் கும்பிடு போடும். நாங்கள் மேகத்தைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்போம். ஒரு நல்ல மழை பெய்து இலை ஈரமாகவே கிடந்தால் போதும், சில நாளில் இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிடும். அதைக் கண்ணால் பார்த்த பிறகு மருந்து அடித்துப் பிரயோசனமில்லை. வருமா வராதா என்று யோசித்துக்கொண்டிருக்காமல், மழை விட்ட மறுநாளே பந்தலுக்குக் கீழே மருந்து மிஷினோடு இறங்கிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் ராக்கப்பன், கல்யாணமாகி நான் தேவாரத்திலிருந்து இந்த ஊருக்கு வந்த முதல் வாரமே இதை எனக்குப் பாடம் எடுத்துவிட்டார். மற்ற புருஷன்மார்கள் அந்த வாரத்தில் வேறு எதையாவது பேசியிருப்பார்கள்.

மருந்து அடித்த நாளை அவர் காலண்டரில் குறித்து வைப்பார். உரக்கடையில் வருஷா வருஷம் கொடுக்கிற, கட்டம் கட்டமாகத் தேதி போட்ட பெரிய காலண்டர். அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். தேதியின் மூலையில் கறுப்புப் பேனாவால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். 2007-ஆம் வருஷக் காலண்டரில் கறுப்புப் புள்ளியோடு சிவப்புப் புள்ளியும் சேர்ந்துகொண்டது. நான் பார்த்தேன். இரண்டு விதமான மருந்து அடிக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் நான் அவரைப் பேசின பேச்சுக்குத் தெருவே சாட்சி. கண்ணுக்கு நேரே தொங்கினதைக் கேட்காமல் இருந்தவள் நான்தான்.

எங்கள் முதல் பிள்ளை மகிழன் 2003 ஐப்பசியில் போய்விட்டான். ஏழு மாதம். மூன்று நாள் அடைமழை பெய்து விட்டதும் ஊரில் பல வீடுகளில் வயிற்றுப்போக்கு. மகிழனுக்கு வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது. சனிக்கிழமை முழுக்க இவர் தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு காலையில் கடையில் மருந்து வாங்கிக் கொடுத்தோம். ஞாயிறு பொழுது சாயும்போது பிள்ளை இல்லை.

'ஒரு நாள் முன்னாடியே மருந்து குடுத்திருந்தா பொழச்சிருப்பான்' என்று யாரோ சொன்னார்கள். இழவு வீட்டில் வாய்க்கு வந்ததைப் பேசுவதற்கு ஆளா இல்லை? இன்னொருத்தி, நான் மருந்தடித்த தோட்டத்தில் நின்றுவிட்டு வந்து பால் கொடுத்ததால் பால் கெட்டுப்போனது என்றாள். முதல் பேச்சு அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது எனக்குள்.

மூன்று வருஷம் கழித்து, 2007 மாசியில் வேல்விழி பிறந்தாள். வீட்டுக்குள் புதுச் சட்டங்கள் வந்தன. வெளியாள் பிள்ளையைத் தொடக் கூடாது. தரையில் விடக் கூடாது. அவளுடைய துணி, தொட்டில், பால் பாட்டில் எல்லாவற்றுக்கும் கிருமி நாசினித் தண்ணீர். பக்கத்து வீட்டு ஜக்கம்மா அக்கா குழந்தையைப் பார்க்க வந்தால் வாசல்படியிலேயே நின்று, "ஏ ஆத்தா, ஒம் மகளப் பாக்க டிக்கெட் வாங்கணும் போலயே" என்று கேலி பேசிவிட்டுப் போவார். நானும் என் பங்குக்கு ஒன்று செய்தேன். இரண்டாம் மாதத்தோடு பால் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மார்பை இறுக்கித் துணியால் கட்டிக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, டப்பா மாவைக் கரைத்துக் கொடுத்தேன். கெட்ட பாலை இந்தப் பிள்ளைக்கும் கொடுத்துவிடக் கூடாது என்று நினைத்தேன்.

சித்திரையில் கோடை மழை ஆரம்பித்ததும் அவர் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். உள்ளே வெறும் பொடிதான் இருந்தது. கொதித்து ஆறின தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றிக் குலுக்கினால் ரோஸ் கலரில் மருந்தாகிவிடும். மருந்து கலக்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு சொட்டு கூடாது, குறையாது.

"என்ன மருந்துங்க இது?"

"சத்து மருந்து. வைட்டமின். கடையில சுந்தரலிங்கம்ணே குடுத்தாக."

சுந்தரலிங்கம் எங்கள் ஊர் மெடிக்கல் கடைக்காரர். கேட்டதைக் கொடுப்பாரே தவிர, எதற்கு என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த மாட்டார். பாட்டில் மேலே எல்லாம் இங்கிலீஷ். நான் படித்தது எட்டாம் வகுப்பு. சத்து என்றால் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். மூன்று நாள் கொடுப்பார், நிறுத்திவிடுவார். பத்து நாள் கழித்து மறுபடியும் ஒரு பாட்டில் வரும். ஆனி, ஆடியில் மலையிலிருந்து சாரல் இறங்கும்போது இன்னும் அடிக்கடி வந்தது.

நான்காம் மாதத்தில் அவள் கன்னம் இரண்டும் சிவந்து, தடித்து, நீர் கசிய ஆரம்பித்தது. அப்புறம் முழங்கால் மடிப்பு, கழுத்து. சொறிந்து சொறிந்து காலையில் தலையணையில் ரத்தம் ஒட்டியிருக்கும். ஆறாம் மாதத்தில் வெளிக்குப் போவதில் சளி வந்தது. பிறகு ஒரு நாள் துணியில் ரத்தம், சிவப்பு நூல் நூலாக. பால் குடித்த கொஞ்ச நேரத்தில் காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கத்துவாள். எட்டாம் மாதத்தில் எடை ஐந்தரைக் கிலோ. கம்பத்தில் ஒரு டாக்டர் பால் மாவை மாற்றினார். ஒருத்தர் கயிறு மந்திரித்துக் கட்டினார். எதற்கும் ரத்தம் நிற்கவில்லை. அவள் விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. இந்தப் பிள்ளையும் போய்விடும் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்ள ஆரம்பித்திருந்தேன். அதைச் சொல்லிக்கொண்டேதான் அவளுக்குப் பொட்டு வைப்பேன்.

கடைசியாகத் தேனியில் ஒரு குழந்தை டாக்டரிடம் போகலாம் என்று முடிவானது. கிளம்புகிற காலையில் நான் அடுப்படிக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டினேன். துணியில் ரத்தம் பட்ட நாளையெல்லாம் அதில் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தேன்.

"காலண்டரு எதுக்கு?" என்றார் அவர்.

"எந்தெந்த நாளு ரத்தம் வந்துச்சுன்னு கேப்பாகல்ல?"

"வாயில சொன்னாப் பத்தாதா?"

பஸ்ஸில் உத்தமபாளையம் தாண்டுவதற்குள், "அதக் குடு, கசங்கிரும், நான் வச்சுக்கிறேன்" என்று மூன்று தடவை கேட்டார். நான் கொடுக்கவில்லை. பிள்ளை மடியில், காலண்டர் கக்கத்தில். இவருக்கு என்ன திடீரென்று காலண்டர் மேல் பாசம் என்று எரிச்சலாக இருந்தது.

டாக்டரம்மா பெயர் ஜாய்ஸ். போடி பஜாரில் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். நாற்பது வயது இருக்கும். எங்களைப் போலவே பேசினார். வேல்விழியின் துணியை அவிழ்த்து, வயிற்றை அழுத்தி, தோலைப் பார்த்து, நான் பையில் கட்டி எடுத்துப்போன அழுக்குத் துணியையும் முகம் சுளிக்காமல் பார்த்தார்.

"ஆன்டிபயாடிக் குடுத்திருக்கீகளா? சளிக்கு, காய்ச்சலுக்கு, எதுக்காச்சும்?"

"ரெண்டு தடவ இருக்கும் டாக்டரம்மா" என்றார் இவர்.

நான் மேஜை மேல் காலண்டரை விரித்தேன். சுருண்டு சுருண்டு போனதால் டாக்டரம்மா ஒரு ஓரத்தில் ஸ்டெதஸ்கோப்பையும் மறு ஓரத்தில் தன் கையையும் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு மாதமாகத் திருப்பினார்.

"பெருக்கல் குறி ரத்தம் வந்த நாளு. சரி. இந்தக் கறுப்புப் புள்ளி?"

"அது தோட்டத்துக்கு மருந்தடிச்ச நாளு. அவுக வைப்பாக."

"செவப்பு?"

"அதுவும் தோட்டத்துக்குத்தான் டாக்டரம்மா" என்றேன்.

"மார்ச் வரைக்கும் செவப்பே இல்ல. அதுக்கப்புறம் ஒவ்வொரு கறுப்புக்கும் பக்கத்துல ஒரு செவப்பு இருக்கே" என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்தார்.

இவர் குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மின்விசிறிக்குக் கீழேயும் நெற்றியெல்லாம் வேர்வை.

"அது பாப்பாவுக்கு" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"மழை பெஞ்சா மறுநாள் ஆரம்பிச்சு மூணு நாளைக்கு ஆன்டிபயாடிக் குடுப்பேன். வந்த பெறகு குடுத்துப் புண்ணியமில்ல டாக்டரம்மா. எங்க மொதப் புள்ளைக்கு வந்த பெறகுதான் குடுத்தோம்."

டாக்டரம்மா விரலை வைத்து எண்ணினார். பத்தொன்பது புள்ளி. அவர் ஒன்றும் திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டினது நான்தான். எழுந்து நின்று அந்தக் காலண்டரைச் சுருட்டி அவர் தோளில் அடித்தேன். "வைட்டமின்னு சொன்னீகளே, சத்து மருந்துன்னு சொன்னீகளே, கொடிக்கு அடிக்கிற மாதிரி எம் புள்ளைக்கு அடிச்சீகளா?" என்று கத்தினேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நர்ஸ் ஓடி வந்தது. அவர் அடியை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"உக்காருங்கம்மா. எந்த ஊரு நீங்க? பொறந்த ஊரு" என்றார் டாக்டரம்மா.

"தேவாரம்."

"ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்புல போயிருக்கீகளா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு வருசம்."

"அப்ப போடிமெட்டு செக்போஸ்ட் தெரியும்ல? அங்கன புதுசா ஒருத்தர் வேலைக்கு வந்தா என்ன செய்வாரு?"

"எல்லா ஜீப்பையும் நிறுத்துவாக. எறங்கு, ஏறு, தூக்குவாளியத் தொறன்னு உசுர வாங்குவாக."

"ஒரு மாசம் கழிச்சு?"

"கைய மட்டும் அசைப்பாக. தெனம் பாத்த மொகம்ல."

"புள்ள வயித்துக்குள்ளயும் அதுதான் நடக்கணும். பொறக்கும்போது குடல்ல அனேகமா ஒண்ணுமே இருக்காது. பொறந்ததுல இருந்து உங்க ஒடம்பு, உங்க பாலு, தூக்குறவங்க கை, இப்படி எல்லாத்துல இருந்தும் கோடிக்கணக்குல கிருமி உள்ள போய்க் குடியேறும். முக்காவாசி கெடுதல் பண்ணாது, ஒத்தாசைதான் பண்ணும். ஒடம்புல ஒரு காவல் இருக்குல்ல, நோயி வந்தா சண்ட போடுறது, அது இந்த மொத வருசத்துலதான் இதுகளத் தெனம் பாத்துப் பாத்து, இது நம்மாளு, இது வேத்தாளுன்னு பழகும். அடிக்கப் பழகுறது மட்டும் இல்ல, யார அடிக்கக் கூடாதுன்னும் பழகணும். அதுவும் ஒரு படிப்பு. நீங்க பத்து நாளைக்கு ஒருக்கா மருந்தக் குடுத்து ஜீப்பையெல்லாம் மொத்தமா நிறுத்திட்டீக. காவக்காரருக்கு யாரு மொகமும் பழகல. இப்பப் பாலு வந்தாக்கூடக் கம்பத் தூக்குறாரு."

"பாலையா?"

"ஆமா. பசும்பால்ல செஞ்ச மாவு அவளுக்குச் சேரல. அதுலதான் குடலு புண்ணாகி ரத்தம் வருது. தோலு இப்படி இருக்கறதும் அதோட சேந்ததுதான்."

"அப்ப நாந்தான் கெடுத்தேனா?" என்று இவர் கேட்டார்.

"அப்படி அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஒரு மருந்தும் குடுக்காத புள்ளைகளுக்கும் இது வருது. இதப் பத்தி எங்களுக்கே இன்னும் பாதிதான் தெரியும். ஆனா நீங்க குடுத்த மருந்து அவளுக்கு ஒத்தாசை பண்ணலங்கறது நெசம்."

நான் பாலை நிறுத்தின கதையைச் சொன்னேன். சொல்லும்போதே தெரிந்துவிட்டது. காவல்காரருக்கு முகம் பழக்க வந்த முதல் ஜீப்பைத் திருப்பி அனுப்பினவள் நான். "மருந்தடிக்கிற எடத்துல நிக்காம இருந்திருந்தாப் போதும்மா. பால நிறுத்தியிருக்க வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. மெதுவாகத்தான் சொன்னார்.

பசும்பால் கலக்காத வேறு மாவு, அரிசிக் கஞ்சி, வாழைப்பழம் கொடுக்கச் சொன்னார். தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும், கையைச் சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும். "மண்ணத் திங்கக் குடுக்கச் சொல்லல. நாலு பேரு தூக்கட்டும், தரையில தவழட்டும். நெசமா நோயி வந்தா மருந்து வேணும், அத நான் குடுப்பேன். மழைக்குக் குடுக்காதீக" என்றார். ஒரு தாளில் தமிழில் எழுதியும் கொடுத்தார்: வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கரண்டி கரண்டியாக. கண் உள்ளே போனால், குடிக்காமல் துவண்டால், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால் உடனே வண்டி ஏற வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போனேன். பூஞ்சண மருந்து டப்பாக்களுக்குப் பின்னால், பிரிக்காத பொடிப் பாட்டில்களை வரிசையாக அடுக்கியிருந்தார். மழைக்காலத்துக்குச் சேர்த்து வைத்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைக் குழியில் போட்டுக் கல்லால் உடைத்தேன். அவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து மூன்று வாரம் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசினது எல்லாம் ஏச்சுதான். சோற்றைத் தட்டில் போடும்போதுகூட, "மழை வருதுல்ல, ஒங்களுக்கும் ரெண்டு கரண்டி ரோஸ் மருந்து ஊத்தவா?" என்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார்.

பன்னிரண்டாம் நாள் துணியில் ரத்தம் இல்லை. பதின்மூன்றாம் நாளும் இல்லை. மூன்றாம் வாரம் நானூறு கிராம் கூடியிருந்தாள். தோல் மட்டும் அப்படியேதான் இருந்தது, அதற்கு நாளாகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஜக்கம்மா அக்கா முதன்முதலாக அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டபோது, இவர் சோப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். "ஏப்பா ராக்கப்பா, ஒக்காருப்பா, ஒம் மக தேஞ்சு போக மாட்டா" என்றார் அக்கா. நடுவில் இரண்டு மழை பெய்தது. தோட்டத்துக்கு மட்டும் மருந்தடித்தார். காலண்டரில் கறுப்புப் புள்ளி மட்டும் வைத்தார்.

ஐப்பசிக் கடைசியில் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் சனிக்கிழமை. காலையில் வேல்விழி இரண்டு தடவை தண்ணீராகப் போனாள். நடுப்பகலுக்குள் இன்னும் இரண்டு. உடம்பு லேசாகச் சுட்டது. அவர் விடிந்ததுமே தோட்டத்துக்குப் போயிருந்தார். மழைக்கு மறுநாள், வேறு எங்கே போவார்? அதே மாதம், அதே மழை, அதே சனிக்கிழமை. செல்போனில் தேனிக்குப் பேசினேன். டாக்டரம்மா வார்டில் இருக்கிறார், வந்ததும் கூப்பிடச் சொல்கிறேன், அதுவரை தாளில் எழுதியிருப்பதைச் செய்யுங்கள் என்றது நர்ஸ். தாளை எடுத்தேன். எழுத்து ஓடுகிறது, ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

அப்போது நான் செய்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுப்படியில் கேப்பை மாவு டப்பாவை இறக்கி, மாவுக்குள் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்தேன். குழிக்குப் போன அன்று ஒன்றை மட்டும் சேலை மடிப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தேன். எதற்கு என்று அன்று எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது மூடியைத் திருகி, கொதித்து ஆறின தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றிக் குலுக்கினேன். ரோஸ் கலர் வந்தது. கரண்டியை எடுத்துத் திரும்பினால் வாசலில் அவர் நிற்கிறார். முழங்கை வரைக்கும், கொடிக்கு அடிக்கிற மயில்துத்தத்தின் நீலக் கறை.

நான் அவரை என்னவெல்லாம் பேசியிருந்தேன்! அதில் ஒரு வார்த்தையை அவர் திருப்பிச் சொல்லியிருந்தால் அங்கேயே செத்திருப்பேன்.

"எட்டு பாட்டில் வாங்கி வச்சிருந்தேன்" என்றார். "நீ ஏழுதான் ஒடச்ச. எண்ணிக்கிட்டுத்தான் நின்னேன்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"ஒண்ணு இருக்கட்டும்னுதான்."

இரண்டு பேரும் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவருக்கும் அது வேண்டும், எனக்கும் வேண்டும். தொட்டிலில் வேல்விழி சிணுங்கினாள். அந்த நேரம் போன் அடித்திருக்காவிட்டால், கரண்டி யார் கையில் இருந்திருக்கும் என்பதுதான் சந்தேகம். கொடுத்திருப்போம் என்பதில் சந்தேகமே இல்லை.

டாக்டரம்மாதான் பேசினார். "மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறாளா? கண்ணு உள்ள போயிருக்கா? துணியில ரத்தம்? குடிக்கிறாளா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரத்தம் இல்லை, கண் நன்றாக இருக்கிறது, குடிக்கிறாள் என்றேன். "ஒண்ணுக்குப் போனாளா?" எனக்குத் தெரியவில்லை. எல்லாம் தண்ணீராகப் போகும்போது எது எது என்று யார் பார்த்தார்கள்? "இனிமே பாருங்க. உப்புச் சர்க்கரைத் தண்ணி குடுத்துக்கிட்டே இருங்க. ஒண்ணுக்குப் போறத மட்டும் எண்ணுங்க, வேற எதையும் எண்ண வேண்டாம். ஆறு மணிக்கு எனக்குப் பேசுங்க. மருந்து எதுவும் குடுக்காதீக."

அவர் என் கையிலிருந்து பாட்டிலை வாங்கினார். கொட்டவில்லை. எட்டுகிற தூரத்தில் ஜன்னல் திட்டில் வைத்தார். பிறகு நீலக் கறை போக மூன்று தடவை கையைத் தேய்த்துக் கழுவி, வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து சம்மணமிட்டு உட்கார்ந்து, "குடு அவள" என்றார்.

கரண்டி கரண்டியாகக் கொடுத்தார். ஒரு கரண்டி, கொஞ்சம் பொறுத்து இன்னொரு கரண்டி. பாதியை வழிய விட்டாள், பாதியைக் குடித்தாள். துணியை விரித்து, தனியாக நனைந்தால் எனக்குச் சொல்வார். நான் காலண்டரில் புள்ளி வைப்பேன். கைக்குக் கிடைத்தது சிவப்புப் பேனா. ஒன்றரை மணிக்கு ஒன்று. மூன்று மணிக்கு முன்னால் இன்னொன்று. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை. அவர் ஜன்னலைப் பார்க்க மாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் மூன்று தடவை பார்த்தேன். நாலரைக்கு மூன்றாவது. சுடச்சுட அவர் தொடையை நனைத்துவிட்டாள். இரண்டு பேரும் பைத்தியம் மாதிரிச் சிரித்தோம். ஐந்து மணிக்கு நாலாவது. வெளிக்குப் போவது குறைந்திருந்தது. உடம்புச் சூடு அப்படியே இருந்தது.

"அன்னம்" என்றார். அந்த மூன்று வாரத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அப்போதுதான். "அன்னைக்கு மகிழனுக்கு எத்தன?"

நான் பேனாவோடு நின்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் கண் முன்னால் வந்து நின்றது. காலையில் இரண்டு கரண்டி மருந்து கொடுத்தோம். நடுப்பகலில் வெளிக்குப் போவது நின்றுவிட்டது. கொடியில் தொங்கின துணிகள் எல்லாம் காய்ந்தே கிடந்தன, புதிதாகத் துவைக்க ஒன்றுகூட விழவில்லை. 'மருந்து கேட்டுருச்சுங்க' என்று நான்தான் ஓடிப்போய் இவரிடம் சொன்னேன். இரண்டு நாளைக்குப் பிறகு இவர் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று எல்லோரும் சொன்னார்கள், அதனால் தண்ணீர் கொடுக்கவில்லை. உதடு காய்ந்திருக்கிறதே என்று ஈரத்துணியால் துடைத்தேன். பிள்ளை அந்தத் துணியை வாயால் கவ்விச் சப்பினான். விடமாட்டேன் என்று சப்பினான். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"ஒண்ணுகூட இல்ல" என்றேன்.

ஒரு நாள் தாமதம் என்று நாலு வருஷமாகத் தன்னைத் தின்றுகொண்டிருந்தவர் அவர். அந்த ஒரு நாளைப் பிடிப்பதற்காகத்தான் இத்தனை மழைக்கும் ஓடினார். அவர் கை மட்டும் நிற்காமல் கரண்டியில் தண்ணீரை எடுத்து எடுத்து இவள் வாயில் ஊற்றிக்கொண்டே இருந்தது. ஆறு மணிக்குச் சற்று முன்னால் வேல்விழி மறுபடி அவர் மடியை நனைத்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. "அஞ்சு" என்றார். நான் புள்ளி வைத்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

"எத்தனம்மா?"

"அஞ்சு."

"அஞ்சா? ரொம்ப நல்லது. நல்லாத்தான் இருக்கா. காலையில ஒரு தடவ கூட்டிட்டு வந்து காட்டுங்க." பிறகு, "ஏம்மா அழுறீக? புள்ளைக்கு ஒண்ணும் ஆகல, அஞ்சு போதும்மா" என்றார்.

நான் எந்தப் பிள்ளைக்கு அழுகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? "சரி டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.